உப்புக்காற்றில் ஒரு பழைய ஜீப்

பழைய லேண்ட் ரோவர் ஒன்றை விலைபேசப் போகிறவர் முதலில் பொனட்டைத் திறக்கச் சொல்வார். எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்பார், புகையின் நிறத்தைப் பார்ப்பார், பிறகு விலைக்கு வருவார். வண்டி கொழும்புக் கரையில், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நிற்கப்போகிறது என்றால் இந்த வரிசை பிழை. சிறு சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே படுக்க வேண்டும். சேசியின் நீளச் சட்டங்கள் இரண்டையும் முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்துப்போன இடம் பொத்தென்று மந்தமாகக் கேட்கும். எஞ்சின் போனால் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் இன்னொன்று தேடலாம். கியர்பொக்ஸைப் பிரித்துப் பூட்டலாம். சேசி போனால் வண்டியே போனதுதான், சட்டப்படியும் அப்படித்தான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுக்கும் யோசனைக்கே இடமில்லாமல் போயிற்று. கையிலிருப்பதைக் காப்பாற்றுவது, முடிந்தால் மேம்படுத்துவது என்பதை வீட்டு முற்றத்தில் பழகியவர்கள் கொழும்பில் ஏராளம். அவர்களில் பலர் பணத்தை முதலில் கொட்டியது பெரிய ரயருக்கும் பலமான எஞ்சினுக்கும்தான். கடலோர நகரத்தில் பழைய ஜீப்பைக் கொல்வது பாதை அல்ல, காற்று. செலவும் உழைப்பும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

லேண்ட் ரோவரின் உடம்பு அலுமினியம், ஆகவே அது கறள் பிடிக்காது என்ற நம்பிக்கை நம்மிடையே பலமாக இருக்கிறது. அந்த அலுமினியம் வந்த கதை இது: மொரிஸ் வில்க்ஸ் என்ற ரோவர் நிறுவனப் பொறியியலாளர், வேல்ஸின் ஆங்கிள்சி தீவிலிருந்த தன் பண்ணையில் போரில் மிஞ்சிய வில்லிஸ் ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு ஈடான ஒன்றை ரோவர் நிறுவனத்தார் தாமே செய்ய முனைந்து, 1948 ஏப்ரலில் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் லேண்ட் ரோவரைக் காட்டினார்கள். போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் உருக்குக்குப் பங்கீடு. அலுமினியமோ கிடைத்தது. அதனால் பேர்மாபிரைட் என்ற அலுமினிய மகனீசியக் கலப்புலோகத் தகட்டால் உடம்பைச் செய்தார்கள். ஆனால் சேசி உருக்கு, எஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் நடுவே உள்ள பல்க்ஹெட் உருக்கு, கதவின் உட்சட்டம் உருக்கு. அலுமினியத் தகடு அந்த உருக்குச் சட்டங்களை மூடி மடித்த தோல் மட்டுமே.

இலங்கைக்கு வந்த வண்டிகள் தோட்டத் துரைமாருக்கும் அரச திணைக்களங்களுக்கும் உழைத்தன. இலக்கத் தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால் வண்டி சிலோன் காலத்தது. சிங்கள ஶ்ரீ இருந்தால் 1950களின் கடைசிக்குப் பிந்தியது. மலையகத்தில் நாற்பது ஐம்பது வருடம் மழையில் நனைந்தும் உறுதியாக நின்ற வண்டி, கொழும்புக் கரையில் சில வருடங்களில் உதிரத் தொடங்குகிறது. நுவரெலியாவில் மழை குறைவா என்ன? இதற்கான விடை உப்பில் இருக்கிறது.

இரும்பு கறள் பிடிக்க ஒட்சிசன் மட்டும் போதாது, மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் வேண்டும். மலையில் மழை விட்டதும் அந்தப் படலம் காய்ந்துவிடும், கறளும் ஓய்வெடுக்கும். கடலோரத்தில் அது காய்வதில்லை. சோடியம் குளோரைட்டு, அதாவது நம் கறியுப்பு, காற்றின் சாரீரப்பதன் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டும்போது காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானாகக் கரையும். மழைக்காலத்தில் உப்புச் சாடி கசிவது இதனால்தான். கடல் உப்பில் மகனீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது. அது சுமார் 33 சதவீதத்திலேயே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கொழும்பில் அவ்வளவு வறண்ட காற்று வீசுவதில்லை. ஆக, சேசியில் படிந்த கடல் உப்பு இரவும் பகலும், மழை இல்லாத பெப்ரவரியிலும், ஈரமாகவே இருக்கிறது. மலையகத்து இரும்பு நனைந்து காய்கிறது. வெள்ளவத்தை இரும்பு காய்வதே இல்லை.

உப்பு மேலே வருவது எப்படி? அலை உடையும்போது கோடிக்கணக்கான குமிழிகள் வெடித்து, நுண்துளிகளைக் காற்றில் வீசுகின்றன. பெரிய துளிகள் கரையிலிருந்து முதல் சில நூறு மீற்றருக்குள் விழுந்துவிடும். வெள்ளவத்தையில் ரயில் பாதையை அடுத்து மரைன் டிரைவ், அதிலிருந்து காலி வீதிக்கு ஏறும் ஒழுங்கைகள் எல்லாம் அந்தச் சில நூறு மீற்றருக்குள் அடங்கிவிடுகின்றன. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று நேரே கடலிலிருந்து வீசுவதால் படிவு அப்போதுதான் உச்சம். கொட்டாஞ்சேனைக்குத் துறைமுகத்தின் அலைத்தடுப்புகள் ஓரளவு மறைப்பு. ஆனால் முகத்துவாரம் பக்கம் கடல் திறந்து கிடக்கிறது. கொள்கலன் லொறிகளின் புகையில் வரும் கந்தகச் சேர்வைகளும் ஈரப்படலத்தை அமிலமாக்கி அரிப்பைக் கூட்டுகின்றன.

இதில் மழை நண்பன். வெளியே நிற்கும் வண்டியின் மேற்புறத்திலிருந்து உப்பைக் கழுவி இறக்குவது மழைதான். மழை தொடாத இடங்களில்தான் உப்பு சேர்ந்துகொண்டே போகும்: மட்கார்டின் உட்புறம், கதவின் கீழ் மடிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பெட்டிபோல் மூடிய சேசிச் சட்டத்தின் உள்வயிறு. ஆறு கடந்தபோதும் சேற்றில் ஓடியபோதும் உள்ளே போன மண் அங்கே தங்கி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளிருந்து அரித்துக்கொண்டு வெளியே வருவது இதனால்தான். போர்ட்டிக்கோவுக்குள் விடும் ஜீப் மழையிலிருந்து தப்புகிறது, உப்பிலிருந்து தப்புவதில்லை. கழுவாமல் உள்ளே விட்டால் வெளியே விடுவதைவிட மோசமாகலாம்.

அலுமினியத்தின் கதை வேறு. அதன் மேற்பரப்பில் சில நனோமீற்றர் தடிப்பில் ஒட்சைட்டுப் படலம் தானாக உருவாகி, உள்ளே உள்ள உலோகத்தைக் காக்கிறது. குளோரைட்டு அயன்கள் அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாக உடைக்கின்றன. உருக்கும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் நடுவே உப்புநீரும் இருந்தால் அது ஒரு மின்கலம். இரண்டில் இலத்திரனை எளிதில் விட்டுக்கொடுக்கும் அலுமினியம் தன்னைக் கரைத்து உருக்கைக் காக்கும். கதவின் கீழ்விளிம்பில் பெயின்ட் கொப்பளித்து, உடைத்தால் வெள்ளைத் தூள் கொட்டுவது அந்தக் கலம் வேலை செய்த அடையாளம்.

வீட்டில் ஆர்வத்தோடு செய்யப்படும் ஒரு மேம்படுத்தல் இந்த இடத்தில் தீங்காகிறது. கறள் பிடித்த போல்ட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுகிறார்கள். போல்ட் அழகாகவே இருக்கும். ஆனால் உப்புநீரில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் அலுமினியத்துக்கும் உள்ள மின்னழுத்த வித்தியாசம், சாதாரண உருக்குக்கும் அலுமினியத்துக்கும் உள்ளதைவிட அதிகம். போல்ட்டைச் சுற்றியுள்ள தகடு விரைவாகத் தூளாகும். நாகமுலாம் பூசிய போல்ட்டே இங்கே ஏற்றது, ஏனென்றால் உலோகங்களின் மின்னழுத்த வரிசையில் நாகம் அலுமினியத்துக்கு அருகில் நிற்கிறது. ஆரம்பகால லேண்ட் ரோவரின் விளிம்புப் பட்டைகள் நாகமுலாம் பூசியே தொழிற்சாலையிலிருந்து வந்தன. ஸ்டெயின்லெஸ்தான் வேண்டும் என்றால் போல்ட்டின் தலைக்கும் தகட்டுக்கும் இடையே நைலோன் வாஷரும் துளைக்குள் கிரீஸும் கட்டாயம். மின் தொடர்பு அறுந்தால் கலமும் அறும்.

பராமரிப்பின் பெரும்பகுதி நல்ல தண்ணீர்தான். சேசியின் அடியில் உள்ள வடிதுளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, பக்கத் துளைகள் வழியாகக் குழாயைச் செருகி, மண் வராமல் தெளிந்த நீர் ஒழுகும்வரை கழுவ வேண்டும். கடலோரக் கிணறுகள் சிலவற்றில் உப்பு ஊறியிருக்கும்; நாக்கில் கரித்தால் அந்தத் தண்ணீரைச் சேசிக்குக் காட்டக்கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு, நீளக் குழாய் பூட்டிய தெளிகருவியால் உள்வயிற்றுக்கு மெழுகுக் கலவையை அடிக்க வேண்டும். வெளிப்புறத்தில் தளர்ந்த கறளை வெறும் உலோகம் தெரியும்வரை எடுத்து நாகத்தூள் செறிந்த பிறைமர் பூசலாம். பழைய எஞ்சின் ஒயிலை அடியில் அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எஞ்சினில் ஓடி முடிந்த ஒயிலில் எரிப்பில் உண்டான அமிலங்கள் இருக்கின்றன, அது றப்பர் புஷ்களையும் ஊதவைக்கும். சொட்டுவது நம் நிலத்தில், ஊறுவது நம் கிணற்றில்.

வண்டியை அக்கக்காகப் பிரிக்கும் துணிவும் வசதியும் உள்ளவர்களுக்கு ஒரு பெரிய தீர்வு உண்டு. வெறும் சேசியை 450 பாகை செல்சியசில் உருகிய நாகத்துக்குள் முக்கியெடுப்பது. நாகம் உருக்கோடு கலப்புலோகமாகப் பிணைந்து உள்வயிறுவரை போய்ப் படிகிறது. எங்காவது கீறல் விழுந்தாலும் நாகம் கரைந்து உருக்கைக் காக்கும். மேம்படுத்தல் என்ற சொல்லுக்கு உண்மையில் தகுதியான வேலை இதுதான்.

உப்பு மின்சாரத்தையும் விட்டுவைப்பதில்லை. வாகனத்தில் பற்றரியின் ஒரு முனை உடம்போடு இணைந்திருக்கிறது, மின்னோட்டம் திரும்புவது உடம்பு வழியாக. அலுமினிய ஒட்சைட்டு மின்கடத்தாது. விளக்கின் ஏர்த் வயரைப் பூட்டிய போல்ட்டுக்கடியில் வெள்ளைத் தூள் சேரச்சேரத் தடை கூடும். பற்றரியில் 12 வோல்ற் இருக்க, விளக்குக்கு 10.2 வோல்ற்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15 சதவீத நட்டந்தானே என்று தோன்றும். இழை பல்பின் ஒளி வோல்ற்றளவின் ஏறக்குறைய 3.4ஆம் அடுக்கோடு மாறுவதால், வெளிச்சத்தில் 40 சதவீதத்துக்கு மேல் போய்விடும். மங்கலான விளக்குக்கு மருந்தாகப் பெரிய பல்ப் வாங்குமுன், ஒவ்வொரு விளக்கிலிருந்தும் சேசிக்குத் தனி ஏர்த் வயர் இழுங்கள். சில நூறு ரூபா வயர் செய்யும் வேலையைப் பார்த்து வியப்பீர்கள். பழைய டைனமோவை ஓல்டர்னேற்றராக மாற்றுவதும் பயனுள்ள வேலை. ஆனால் 1960களின் நடுப்பகுதிவரை வந்த வண்டிகளில் பற்றரியின் நேர்முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். அதைக் கவனிக்காமல் பூட்டினால் ஓல்டர்னேற்றரின் டயோட்டுகள் அந்தக் கணமே போய்விடும்.

இனி எஞ்சின். 1921இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுகூடத்தில் தோமஸ் மிட்க்லி, ஈயச் சேர்வையைப் பெற்றோலில் கலந்தால் எஞ்சின் இடிப்பு அடங்கும் என்று கண்டார். அந்த ஈயம் பல தலைமுறைகளின் இரத்தத்தில் சேர்ந்தது. இலங்கை 2002இல் அதைக் கைவிட்டது நன்மை. பழைய எஞ்சினுக்கு மட்டும் ஒரு விளைவு வந்தது. செந்தணலாய்ச் சூடாகும் புகைபோக்கி வால்வுக்கும் அது உட்காரும் வார்ப்பிரும்பு இருக்கைக்கும் இடையே ஈயச் சேர்வைகள் மெல்லிய மெத்தையாகப் படிந்திருந்தன. அது இல்லாமல் வால்வு இருக்கையில் நுண்ணளவில் ஒட்டி ஒட்டிப் பிய்க்கிறது. இருக்கை தேயத் தேய வால்வு மேலேறி, டப்பெட் இடைவெளி சுருங்கும். 2.25 லீற்றர் லேண்ட் ரோவர் எஞ்சினில் அந்த இடைவெளி 0.25 மில்லிமீற்றர். ஃபீலர் கேஜால் அளந்து ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் போதும். ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால், சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக் கடினமாக்கிய இருக்கை வளையங்களைப் போடும் காலம் வந்துவிட்டது.

குறைந்த அமுக்கம் கொண்ட பழைய எஞ்சினின் பொறுமைக்கு நம்மிடமே பெரிய சாட்சி இருக்கிறது. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போவது தடைப்பட்டது. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலும் தீப்பற்றக்கூடிய ஆவி விடும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகைக்கு மேல் வேண்டும், அதனால் குளிர்ந்த எஞ்சினில் பற்றாது. எங்கிருந்தோ கிடைத்த சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயக்கி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். உள்ளிழுக்கும் குழாயின் வெப்பம் மிச்ச வேலையைச் செய்தது. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண் மிகக் குறைவு. நவீன எஞ்சின் 10 மடங்கு அமுக்கும்போது அது சுவாலை வந்து சேருமுன்பே தானாக வெடித்துப் பிஸ்டனை உடைக்கும். 7 மடங்கு அமுக்கும் பழைய எஞ்சின் தாங்கிக்கொண்டது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஒயிலில் கலந்து அதை நீர்க்கவைத்ததால் தேய்மானமும் வந்தது. ஆனாலும் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை அந்தக் கார்கள்தான். நூலகமும் கருவியும் இல்லாத மெக்கானிக்குகள் வெப்ப இயக்கவியலைக் கையால் கற்றுக்கொண்ட காலம் அது. அதை யாராவது முழுமையாக எழுதி வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

இப்படிப்பட்ட பழைய எஞ்சினைத் தூக்கிவிட்டு ஜப்பானிய டீசல் எஞ்சினை வைப்பது இங்கே வெகுவாக நடக்கிறது. காரணம் விளங்குகிறது: 2022இல் எரிபொருள் பங்கீட்டுக் கியூஆர் முறையில் ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர் என்று வந்தபோது, லீற்றருக்கு ஆறேழு கிலோமீற்றர் ஓடும் வண்டி வைத்திருந்தவர் பட்ட பாடு பெரிது. ஆனால் மாற்றுமுன் ஒரு பெருக்கல் போட்டுப் பாருங்கள். சீரிஸ் 3 வண்டியில் முதல் கியர் 3.68, தாழ்கியர்த் தொகுதி 2.35, அச்சின் டிஃபரென்ஷியல் 4.7. மூன்றையும் பெருக்கினால் 40க்குச் சற்று மேல். எஞ்சினின் முறுக்குவிசை சுமார் 40 மடங்காகி அச்சுக்குப் போகிறது. புதிய எஞ்சின் 50 நியூற்றன் மீற்றர் கூடுதலாகத் தந்தால், அச்சுத் தண்டுகளுக்குச் சுமார் 2,000 நியூற்றன் மீற்றர் கூடுதல் சுமை. இந்த வண்டிகளின் அச்சுத் தண்டு முறிவதற்குப் பேர்போனது. பெரிய ரயரும் அதே கணக்கில்தான் விழும். 6.00-16 ரயரிலிருந்து 7.50-16க்குப் போனால் விட்டம் சுமார் 12 சதவீதம் கூடும். பிறேக் அதே விசையில் சுமார் 11 சதவீதம் குறைவாகப் பிடிக்கும், வேகமானியும் குறைத்துக் காட்டும்.

எனக்குப் பிடித்த மேம்படுத்தல் ஸ்பிரிங்கில் இருக்கிறது. பழைய லீஃப் ஸ்பிரிங் கட்டில் பல இலைகள் ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டிருக்கின்றன. கறள், தான் உண்ட இரும்பைவிடப் பலமடங்கு இடம் பிடிப்பது. அது இலைகளுக்கிடையே புகுந்து அவற்றை நெம்பி இறுக்கும், வண்டி கட்டையாகக் குலுங்கும். பரவளைவு ஸ்பிரிங்கில் இரண்டு மூன்று இலைகள்தான். நடுவிலும் நுனியிலும் மட்டும் தொடும். இலையின் நுனியிலிருந்து நடுவை நோக்கிப் போகப்போக வளைக்கும் திருப்பம் தூரத்துக்கு நேர்விகிதமாகக் கூடுகிறது. உலோகத்தின் தாங்குதிறனோ தடிப்பின் வர்க்கத்தோடு கூடுகிறது. ஆகவே தடிப்பைத் தூரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாற்றினால் இலை முழுவதும் ஒரே அளவு தகைப்பு. அந்த வடிவம்தான் பரவளைவு. உரசலும் இல்லை, உப்பு தங்க இடமும் குறைவு. அதற்குப் பணம் போதாவிட்டால் பழைய கட்டைக் கழற்றி, இலை இலையாகச் சுரண்டி, கிராஃபைற் கிரீஸ் பூசிப் பூட்டினாலே வண்டி வேறாக ஓடும்.

பிறேக் ஒயிலை மாற்றுவதை யாரும் மேம்படுத்தல் என்று எண்ணுவதில்லை. என் கணக்கில் அது பெரிய ரயருக்கு முன்னால் வர வேண்டும். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கினால் சுமார் 1,400 மீற்றர் இறக்கம். ஆளும் பொருளுமாக 2,000 கிலோ எடையுள்ள வண்டி அந்த இறக்கத்தில் விடும் சக்தி 27 மில்லியன் யூல், பத்து லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைத்து முழுவதும் ஆவியாக்கப் போதுமானது. எஞ்சின் பிறேக்கும் காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ள, மிச்சம் நான்கு டிரம்களில் வெப்பமாகிறது. டொட் 4 பிறேக் ஒயில் புதிதாக இருக்கையில் 230 பாகைக்கு மேல்தான் கொதிக்கும். காற்றிலிருந்து நீரை உறிஞ்சுவது அதன் இயல்பு. அதில் 3.7 சதவீத நீர் சேர்ந்தால் கொதிநிலையின் கீழ்வரம்பு 155 பாகைக்கு இறங்கிவிடும். ஒயில் கொதித்துக் குழாயில் ஆவி சேர்ந்தால் மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கொருமுறை மாற்றச் சொல்லும் அறிவுரை குளிர்நாடுகளில் எழுதியது. கொழும்பின் ஈரக்காற்றில் வருடத்துக்கொருமுறை மாற்றுவதே சரி. ஒருவர் மிதிக்க ஒருவர் நிப்பிளைத் திறந்து காற்றெடுக்கும் வேலை அது, வீட்டுப் பிள்ளைகளே செய்யலாம்.

கடைசியாக ஒரு சிறு வேலை. உண்மையில் முதல் நாளே செய்ய வேண்டியது. சீரிஸ் 2, சீரிஸ் 3 வண்டிகளில் சேசி இலக்கம் வலது முன்பக்க ஸ்பிரிங்கைத் தாங்கும் கொம்பில் வெட்டப்பட்டிருக்கும். ரயர் வீசும் சேறும் உப்பும் நேரே படும் இடம் அது. பதிவுச் சான்றிதழிலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் கோவையிலும் வண்டி என்பது அந்த இலக்கம்தான். எஞ்சினை அனுமதி பெற்று மாற்றலாம், இலக்கம் கறளில் மறைந்துபோன சேசிக்கு விளக்கம் சொல்லி முடியாது. கிரைண்டரை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். மென்மையான பித்தளைத் தூரிகையும் மண்ணெண்ணெயும் போதும். எழுத்துகள் தெரிந்ததும் படம் எடுத்து, சான்றிதழோடு ஒப்பிட்டு, தடிப்பாகக் கிரீஸ் பூசி வைத்துவிட்டு மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.